வாய் நோகும் குதிரைக்கு எந்த பிட்? கடையில் இருப்பவற்றில் எது தேறும், எது தேறாது

பிட் என்பது லகானோடு இணைத்துக் குதிரையின் வாய்க்குள் மாட்டும் கம்பி. ‘சென்சிட்டிவ் மவுத்’ என்று அட்டையில் போட்டு விற்கிற பிட்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று தடித்த ரப்பர். ஒன்று ஆப்பிள் வாசனை வீசும் பிளாஸ்டிக். ஒன்று தங்க நிற உலோகம். இன்னொன்று நடுவில் வளைவு வைத்த இரும்பு. நான்கும் நான்கு வேறு வேலை செய்பவை. ஒரு குதிரைக்கு நிம்மதி தருவது பக்கத்து லாயத்துக் குதிரைக்கு உபத்திரவமாக இருக்கும். லகான் வழியாக வரும் அழுத்தம் எந்த பிட்டிலும் காணாமல் போவதில்லை. நாக்கிலிருந்து ஈற்றுக்கு, ஈற்றிலிருந்து உதட்டோரத்துக்கு என்று இடம்தான் மாறும். அதனால் இங்கே ‘எது மிக மென்மை’ என்ற தரவரிசை கிடையாது. எந்த இடம் நோகிற குதிரைக்கு எது பொருந்தும், எது காசுக்குக் கேடு என்பதுதான் கணக்கு.

மனதில் வைத்திருக்கும் குதிரை, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று சென்னை, பெங்களூரு, ஊட்டி பக்கம் ரைடிங் பள்ளிகளுக்கு வந்து சேரும் தாரோபிரெட் என்ற பந்தய இனம். நம் ஊரில் ரைடிங் கற்கிறவர்கள் அதிகம் ஏறுவது அதில்தான். தோல் மெலிசு, வாய் ஒடுக்கம், அதோடு ஓடும்போது பிட்டின்மேல் சாய்ந்துகொள்ளப் பழகியது. லகான் இறுகினால் ‘வேகமாகப் போ’ என்று எடுத்துக்கொள்ளும். வாய் நோவதால் இழுக்கிறதா, பழக்கத்தால் இழுக்கிறதா என்று பிரித்தறியாமல் பிட் கடைக்குப் போனால் பணம் போவதுதான் மிச்சம்.

எங்கே நோகிறது?

பிட்டுக்கு ஒதுக்கிய காசில் முதல் பங்கைக் குதிரைப் பல் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவருக்குக் கொடுத்துவிடுங்கள். தலையை உதறுவது, வாயைப் பிளப்பது, ஒரு பக்க லகானை மட்டும் ஏற்காமல் முரண்டுவது எல்லாவற்றுக்கும் பல நேரம் பல்தான் காரணம். மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பும், கீழ்த்தாடைப் பற்களின் உள் விளிம்பும் தேய்மானத்தில் கூராகிவிடும். மூக்கைச் சுற்றிக் கட்டும் நோஸ்பேண்ட் பட்டை கன்னத்தை அந்தக் கூரின்மேல் அழுத்தும்போது உட்புறம் கிழிகிறது. அராவி விட்டாலே போதும் என்ற நிலையில் இருக்கும் குதிரைக்கு ஜெர்மன் பிட் வாங்கி மாட்டி என்ன பயன்? இளங்குதிரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வளர்ந்ததற்கு வருடம் ஒருமுறை பல் பரிசோதனை என்பது குறைந்தபட்சம்.

இரண்டாவது, வுல்ஃப் டூத். முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால், பெரும்பாலும் மேல்தாடையில் இருக்கும் சின்னப் பல். வெளியே தெரிந்தால் கூடப் பரவாயில்லை; ஈற்றுக்குள் புதைந்து கிடப்பதுதான் தொல்லை. கண்ணுக்குப் படாது, விரலால் தடவினால் சிறு மேடு தட்டுப்படும், பிட் அங்கே உரசும்போதெல்லாம் குதிரை தலையைத் தூக்கும். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து எடுத்துவிடுவார். ஆண் குதிரைக்கு நாலு, அஞ்சு வயதில் கோரைப்பல் முளைக்கும். பந்தயத்திலிருந்து பல குதிரைகள் கைமாறுவதும் அந்த வயதை ஒட்டித்தான். வந்த புதிதில் வாய் கொடுக்காத குதிரையைக் ‘கெட்ட பழக்கம்’ என்று முடிவு கட்டுமுன் அந்த ஈறு சிவந்து வீங்கியிருக்கிறதா பாருங்கள்.

பல் சரியென்றால், இனி மூன்று இடங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் குதிரையைப் பிடித்துக்கொள்ள, செல்போன் டார்ச்சோடு இன்னொருவர்.

முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஈறு இருக்கிறதே, ரைடர்கள் பார்ஸ் என்பார்கள், கட்டைவிரலால் மெல்ல அழுத்தித் தடவுங்கள். சில குதிரைக்கு அது அகலமாக, உருண்டையாக, சதைப்பற்றோடு இருக்கும். தாரோபிரெட்டுக்குப் பெரும்பாலும் மெல்லிய தோலுக்கு அடியிலேயே எலும்பு விளிம்பு. சொரசொரப்பாகவோ முண்டாகவோ தட்டுப்பட்டால், பழைய காயம் எலும்புவரை போயிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து நாக்கு. வாயைத் திறக்காமல் பக்கவாட்டில் உதட்டை மட்டும் விலக்கிப் பாருங்கள். பல்லில்லாத இடைவெளி வழியாக நாக்கு வெளியே பிதுங்கினால் தடித்த நாக்கு, உள்ளே இடம் குறைவு. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அந்த இடைவெளியில் நுழைத்து, குதிரை வாயைத் தளர்வாக மூடவிட்டால் இன்னும் தெளிவாகும். விரல்கள் நசுங்குகிற மாதிரி இருந்தால் 18 மி.மீ. தடிமனுள்ள பிட்டுக்கு அங்கே இடமே கிடையாது.

கடைசியாக உதட்டோரம். நிறம் வெளுத்த தழும்பு, வெடிப்பு, முடி உதிர்ந்த தடம் இருந்தால் இதுவரை போட்ட பிட் ஒன்று அகலம் தவறு, அல்லது உயரத்தில் கட்டப்பட்டது, அல்லது வளைய ஓட்டை தேய்ந்து தோலைக் கவ்வியது.

வாய்க்கு வெளியே ரத்தம் வந்தால் தெரிந்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. பின்லாந்தில் பந்தயம் முடிந்த வண்டி பூட்டி ஓடும் 261 டிராட்டர் குதிரைகளின் வாயைப் பரிசோதித்தபோது 84 சதவீதத்துக்கு பிட் படும் இடத்தில் புதுக் காயம் இருந்தது. வெளியே ரத்தம் தெரிந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2019-இல் வெளியான ஆய்வு அது. வாரம் ஒருமுறை வாயைத் திறந்து பார்ப்பது பிட் விலையைவிட முக்கியம்.

அளவு எடுப்பது

சுண்டுவிரல் பருமனுள்ள வழவழப்பான மரக்குச்சி, 25 செ.மீ. நீளம். பிட் இருக்கும் இடத்தில் வைத்து, இரண்டு உதட்டோரத்திலும் ரப்பர் பேண்டைத் தள்ளிவிட்டு வெளியே எடுத்து அளக்கவும். எக்பட், டி-ரிங், ஹேங்கிங் சீக் போன்று பக்க வளையம் வாய்க்கம்பியோடு நிலையாகப் பொருந்தியவற்றுக்கு அந்த அளவோடு மொத்தம் 5 மி.மீ. கூட்டினால் போதும். வளையம் ஓட்டையில் தளர்வாகச் சுழலும் லூஸ் ரிங் என்றால் 10 மி.மீ. வரை, அதாவது பக்கத்துக்கு 5. தாரோபிரெட் பலவற்றுக்கு 5 அல்லது 5¼ அங்குலம் வரும். மார்வாரி குதிரைக்கு 4¾ அல்லது 5. இனத்தைச் சொல்லி அளவு கேட்காதீர்கள், குச்சியை நம்புங்கள்.

கடைகளில் நடக்கும் குழப்பம் இங்கேதான். ஐரோப்பிய பிட் 125, 135, 145 என்று மி.மீ. கணக்கில் வரும். நம் ஊர் உற்பத்தி அங்குலத்தில். 125 என்பது கிட்டத்தட்ட 5 அங்குலம், 135 என்பது 5¼-க்குச் சற்று மேல். மூட்டு உள்ள பிட்டை மேஜையில் நேராக நீட்டிவைத்து, ஒரு வளையத்தின் உட்புறத்திலிருந்து அடுத்த வளையத்தின் உட்புறம்வரை அளக்க வேண்டும். வளைந்த நிலையில் டேப்பை வைத்து அளந்து ‘அஞ்சு அங்குலம்தான் சார்’ என்று கொடுத்துவிடுவார்கள். போட்டால் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். அகலம் அதிகமானால் மூட்டு ஒரு பக்கமாக நகர்ந்து, கீழே தொங்கி, நாக்கை நிம்மதியாக இருக்கவிடாது. வாய் நோகும் குதிரைக்கு அரை அங்குலம் பெரிய பிட், அரை அங்குலம் சிறியதைப் போலவே கெடுதல்.

தடிமன் பற்றிய பழைய பாடம் ‘தடிமன் கூடினால் மென்மை கூடும்’. அழுத்தம் பரவும் பரப்பு கூடும் என்ற அளவில் சரி. ஆனால் வாய் மூடியிருக்கும்போது நாக்குதான் அந்த இடத்தை நிரப்பி நிற்கிறது. 20 மி.மீ. ரப்பரை அதற்குள் திணித்தால் குதிரை நாளெல்லாம் வாயைப் பிளந்துகொண்டே நிற்கும், அல்லது நாக்கை பிட்டுக்கு மேலே தூக்கிப் போடும். தாரோபிரெட்டுக்கு 14-லிருந்து 16-க்குள் நில்லுங்கள். 12-க்குக் கீழே போனால் ரைடரின் கை மிக நல்ல கையாக இருக்க வேண்டும். ரைடிங் பள்ளியில் தினம் ஒருவர் ஏறும் குதிரைக்கு அது வேண்டாம்.

ஒற்றை மூட்டு லூஸ் ரிங்

நாட்டில் அதிகம் விற்பது இதுதான். கான்பூர் குதிரைச் சாமான்களுக்குப் பேர்போன ஊர். கான்பூர் சேடலரி என்று புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. அங்கிருந்து வரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாமான் ஏற்றுமதித் தரத்தில் இருந்தால் நன்றாகவே இருக்கும். உள்நாட்டுக் கடைக்கு வருவதெல்லாம் அந்தத் தரமா என்பதுதான் கேள்வி.

ஒற்றை மூட்டு பிட் இழுத்தவுடன் மடங்கி, மூட்டு அண்ணத்தில் குத்தும் என்பது பரவலான நம்பிக்கை. குதிரை ஆய்வாளர் ஹிலரி கிளேட்டன் முதலானோர் 1980-களில் எக்ஸ்-ரே திரையில் பார்த்தபோது, லகான் இறுகினால் பிட் நாக்கினுள் அமிழ்ந்து அண்ணத்தை விட்டு விலகுவதே தெரிந்தது. ஆக, ஒற்றை மூட்டின் முதல் குறை அண்ணம் அல்ல; நாக்கின் இரண்டு ஓரங்களும் பார்ஸும் இடுக்கப்படுவதுதான். நாக்கு மெலிந்து, பார்ஸ் சதைப்பற்றோடு இருக்கும் குதிரை இதிலேயே நிம்மதியாகப் போகும். தடித்த நாக்கும் கூரான பார்ஸும் உள்ளதற்கு வேண்டாம். பிட்டின் கைகள், அதாவது மூட்டின் இரண்டு பக்கக் கம்பிகள், வளைவாகச் செய்யப்பட்டதா பாருங்கள். நேர்க்குழாய் போல் இருப்பதை ஒதுக்கிவிடலாம்.

லாஸெஞ்ச் வைத்த எக்பட்: முதலில் வாங்க வேண்டியது

நடுவில் மொச்சைக்கொட்டை போன்ற உருண்டையான சிறு துண்டு, அதன் இரண்டு பக்கமும் மூட்டு. நாக்கின்மேல் அழுத்தம் பரவலாக விழும், இடுக்கல் குறையும். பக்கம் எக்பட் ஆக இருந்தால் பிட் வாய்க்குள் ஆடாது, உதட்டோரத்தைக் கவ்வவும் வாய்ப்பில்லை. வாய் நோகும் குதிரை பலவற்றுக்கு வேண்டியது அசையாத பிட். ரைடரின் கை குலுங்குவது அப்படியே நாக்கில் இறங்காமல் இருக்க லூஸ் ரிங்கைவிட இது மேல். 14 மி.மீ., நல்ல மெருகு உள்ள உள்நாட்டு ஸ்டீல் ஒன்று போதும். பெயர் பெற்ற வெளிநாட்டு பிட்டின் விலையில் சிறு பங்குதான் ஆகும். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், இதிலிருந்து.

சாய்ந்துகொள்ளும் குதிரைக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல். நிலையான பக்கம் கிடைத்தால் அதன்மேலேயே இன்னும் சாயும். அதே லாஸெஞ்ச் வாய்க்கம்பியை லூஸ் ரிங்கில் வாங்குங்கள், கூடவே உதட்டோரத்தைக் காக்கும் ரப்பர் பிட் கார்டு ஒரு ஜோடி.

எச்சரிக்கை ஒன்று, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியது. கடைகளில் ஃபிரெஞ்ச் லிங்க், டாக்டர் பிரிஸ்டல், லாஸெஞ்ச் மூன்றும் ஒரே பெட்டியில் கிடக்கும், ஒரே பெயரில் விற்கும். ஃபிரெஞ்ச் லிங்க் என்பது எட்டு என்ற எண்ணின் வடிவில் ஓரம் மழுங்கிய குட்டித் தகடு, நாக்கின்மேல் படுத்துக்கொள்ளும். டாக்டர் பிரிஸ்டலின் தகடு நீளமானது, பக்கங்கள் நேரானவை, கைகளுக்குச் சாய்கோணத்தில் திருப்பி வைக்கப்பட்டது. அதன் விளிம்பு நாக்கில் அழுந்தும். இழுத்து ஓடும் குதிரையை அடக்கச் செய்த பிட் அது. மென்வாய்க் குதிரைக்கு அதைப் போட்டுவிட்டு ‘டபுள் ஜாயிண்ட் போட்டும் கேட்கவில்லை’ என்பார்கள். சோதிப்பது எளிது. பிட்டைக் குதிரை வாயில் இருக்கும் நிலையில் இரண்டு கையிலும் பிடித்து, லகான் வரும் திசையில் இழுத்து நீட்டுங்கள். நடுத் தகடு பிட்டின் கைகளோடு ஒரே தளத்தில் படுத்திருந்தால் ஃபிரெஞ்ச் லிங்க். முறுக்கிக்கொண்டு விளிம்பைக் காட்டினால் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

வாங்கும்போதே பஞ்சு கொஞ்சம் எடுத்துப் போய் மூட்டுகள், வளைய ஓட்டை, கைகளின் அடிப்பக்கம் எல்லாம் துடைத்துப் பாருங்கள். பஞ்சு நூல் எங்காவது சிக்கினால் அங்கே நாக்கும் சிக்கும். ஒரு சின்னக் காந்தமும் வைத்துக்கொள்ளலாம். நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காந்தத்தை ஏறக்குறைய இழுக்காது, கொஞ்சம் இழுத்தாலும் சந்தேகப்பட வேண்டாம். டப்பென்று ஒட்டிக்கொண்டால் முலாம் பூசிய இரும்பாக இருக்கலாம். முலாம் உரிந்தால் அந்த ஓரம் பிளேடு. இரண்டு கைகளும் ஒரே நீளமா என்று மடித்து வைத்துப் பாருங்கள், இரண்டு மி.மீ. வித்தியாசமுள்ள பிட்டுகளும் கடையில் தொங்கத்தான் செய்கின்றன.

ஸ்பிரெங்கர் கேகே அல்ட்ரா

ஜெர்மனியின் இசர்லோன் ஊரில் 1872 முதல் இயங்கும் நிறுவனம். இதன் லாஸெஞ்ச் முன்பக்கமாக 45 டிகிரி திருப்பி வைக்கப்பட்டது. நாக்கின் சரிவோடு ஒத்து உட்காரட்டும் என்பது யோசனை. பொருள் அவுரிகன், செம்பு பெரும்பங்கும் துத்தநாகம், சிலிக்கன் சிறு பங்குமாகச் சேர்ந்த நிக்கல் இல்லாத கலவை. சில குதிரைகள் இதில் வாயை மென்று உமிழ்நீர் விடும், வாய் ஈரமாக இருந்தால் உராய்வு குறையும். உலோகத்தின் நிறம் காலப்போக்கில் மங்கும், அது பழுதில்லை.

தயாரிப்புச் சுத்தத்தில் குறை சொல்ல இடமில்லை. மூட்டில் நூல் நுழையாது, வளைய ஓட்டை அளவெடுத்தது. ஆனால் நூறு யூரோவுக்கு மேல் விலை, அதன்மேல் கூரியர், சுங்கம். 14 மி.மீ. ஸ்டீல் லாஸெஞ்சில் ஏற்கெனவே நிம்மதியாகப் போகும் குதிரைக்கு இது கூடுதலாகத் தருவது கொஞ்சம்தான். ஸ்டீலில் வாய் வறண்டு, உதடு ஒட்டிக்கொள்ளும் குதிரைக்கு வாங்கலாம். மாட்டும்போது திசை உண்டு: அம்புக்குறி குதிரையின் இடப்பக்கம், முன்னோக்கி. திருப்பி மாட்டினால் அந்த 45 டிகிரி எதிர்வேலை செய்யும். பிரைடிலை, அதாவது பிட்டைத் தாங்கும் தலைவார்களை, கழுவிவிட்டுத் திரும்பக் கோக்கும்போது தவறுவது சகஜம். சாமான் அறையில் இடப்பக்க வளையத்தில் சிவப்பு நூல் ஒன்று கட்டி வையுங்கள்.

நேத்தே, ஹாப்பி மவுத், சாதாரண ரப்பர்

பிளாஸ்டிக் குடும்பத்தில் காசுக்கு மதிப்புள்ளது நேத்தே. மூட்டில்லாத, வளையக்கூடிய கம்பி. நாக்கின் வடிவத்துக்கு இணங்கிப் போகும். மூட்டு எதுவானாலும் வெறுக்கிற குதிரை, லகானையே ஏற்காமல் தாடையை மார்புக்குள் மடக்கி ஒளிந்துகொள்ளும் குதிரை, வாய்க் காயம் ஆறிய பிறகு மறுபடி பிட் ஏற்க வேண்டிய குதிரை, இவற்றுக்கு நன்று. குறை இரண்டு. தடிமன் அதிகம், விரல் சோதனையில் இடமில்லாத வாய்க்கு ஆகாது. இரண்டாவது, கடிபடும். கடைவாய்ப் பல்லில் மாட்டி மெல்லும் குதிரை சீக்கிரமே வெட்டுப்போட்டுவிடும். அந்த வெட்டு விளிம்பு உதட்டை அறுக்கும். தினமும் மாட்டுமுன் விரலால் ஒரு சுற்றுத் தடவ வேண்டும். சிறு பிசிறை மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். உள்ளே கம்பி தெரிந்தால் குப்பைக்குத்தான்.

ஹாப்பி மவுத் மலிவு, ஆப்பிள் வாசனை உண்டு. வாசனை குதிரைக்காக அல்ல, வாங்குபவருக்காக. தையல் கோடு போன்ற அச்சு விளிம்பு தெரிந்தால் மழித்துவிட்டுப் போடவும். மூட்டில்லாத நேர்க்கம்பி வகை ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கமும் சேர்ந்து அசையும், திருப்பச் சொன்னால் குதிரைக்குக் குழம்பும்.

சாதாரணக் கறுப்பு மென்ரப்பர் பிட்? வேண்டாம். உலர்ந்த வாயில் ரப்பர் வழுக்காது, உதட்டோரத்தை இழுத்துக்கொண்டே போகும். ‘மென்மையான பிட்’ போட்டும் உதடு வெடிக்கிறது என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். நம் வெயிலில் சேணத்தோடு வெளியே தொங்கினால் ரப்பர் சீக்கிரமே வெடிப்பு விடும்.

போர்ட் வைத்தவை: மைலர், பாம்பர்ஸ்

நடுவில் வளைவு வைத்து நாக்குக்கு இடம் விடுபவை. வளைவைப் பார்த்ததும் ‘கடுமையான பிட்’ என்று பயப்படுவார்கள். அகலமான, தாழ்ந்த போர்ட் அப்படியல்ல, உயரமான குறுகிய போர்ட்தான் அண்ணத்தைத் தொடும். அமெரிக்காவின் மைலர் கம்ஃபர்ட் ஸ்னாஃபிளில் நடுவே ஓர் உருளை. இரண்டு கைகளும் தனித்தனியே சுழலும், ஆனால் இடுக்கி போல் மடங்காது. இதன் தாழ்ந்த போர்ட் வகையை நாக்கை பிட்டுக்கு மேல் போடும் குதிரைக்குப் பரிந்துரைக்கலாம். தென்னாப்பிரிக்காவின் பாம்பர்ஸ் ஹாப்பி டங் மூட்டில்லாமல் முழுக்க வளைந்தது, நாக்கில் வலி உள்ள குதிரை உடனே தளர்வதைப் பார்க்கலாம்.

ஆனால் நாக்கிலிருந்து எடுத்த பாரம் எங்கே போகும்? பார்ஸில் இறங்கும். கட்டைவிரல் சோதனையில் கூரான விளிம்போ முண்டோ தட்டுப்பட்ட குதிரைக்குப் போர்ட் பிட் வாங்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை. டிரெஸாஜ் என்ற நடைப்பயிற்சிப் போட்டிக்குப் போகிறவர்கள் அந்தந்த வருட விதிப்புத்தகத்தில் படம் பார்த்துவிட்டு வாங்கவும். எல்லா வளைவுக்கும் அனுமதி கிடையாது.

ஹேங்கிங் சீக்

பாஷே என்றும் சொல்வார்கள். கன்னவார், அதாவது பிரைடிலின் கன்னப் பக்கப் பட்டை, மேலே ஒரு குட்டி வளையத்தில் மாட்டப்படும், பிட் வாயில் மிதந்தபடி அசையாமல் நிற்கும். உச்சந்தலையை அழுத்தும் என்ற பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லகான் இழுத்தால் மேல்வளையம் முன்னே சாய்ந்து கன்னவார் தளரவே செய்கிறது. லாஸெஞ்ச் நடுவோடு கிடைத்தால், குலுங்கும் கைகள் ஏறும் பள்ளிக் குதிரைக்கு எக்பட்டைவிட இதுவே ஒரு படி மேல். கன்னத்தில் மேல்வளையம் எலும்பில் இடிக்கிறதா என்று மட்டும் பார்க்கவும்.

முள் பிட்

மார்வாரி, கத்தியவாரி குதிரைகளோடு வடக்கிலிருந்து முள் வைத்த பிட்டுகளும், முறுக்குக் கம்பி பிட்டுகளும் இறங்குகின்றன. அந்தியூர்ச் சந்தை மாதிரி இடத்தில் குதிரை வாங்குகிறவர்கள், அது எந்த பிட்டில் பழகியது என்று கேட்டுக்கொள்வது நல்லது. முள் வைத்த பிட்டை 1965-ஆம் வருட இழுவை, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் தடை செய்கின்றன. அதைக் கழற்றி நேரே மென்பிட்டுக்கு மாற்றினால் முதல் சில நாள் பிரேக் இல்லாத மாதிரி தோன்றும். வேலி போட்ட மைதானத்தில் நடையிலேயே ‘நில்’, ‘திரும்பு’ இரண்டையும் மறுபடி கற்றுக்கொடுத்துவிட்டு வெளியே கொண்டுபோகவும்.

மாட்டுவது, பழக்குவது

உதட்டில் இரண்டு சுருக்கம் விழ வேண்டும் என்பது கண்மூடி ஒப்பிக்கும் விதி. உதடு சதைப்பற்றான குதிரைக்கு பிட் தளர்வாக இருந்தாலே சுருக்கம் விழும், வறண்ட உதட்டுக்கு இறுக்கினாலும் விழாது. உதட்டோரத்தை இழுக்காமல் தொட்டுக்கொண்டு, கோரைப்பல்லில் இடிக்காத உயரம் எதுவோ அதுதான் சரி. லகானை லேசாக எடுத்துக் கன்னவார் எவ்வளவு வெளியே பிதுங்குகிறது என்று பாருங்கள். நிறையப் பிதுங்கினால் ஒரு துளை ஏற்றவும்.

நோஸ்பேண்டை இறுக்கி வாயை மூடவைப்பது தீர்வு ஆகாது, புகார் சொல்லும் வாயைக் கட்டுவதுதான். மூக்கெலும்பின் மேல், நடுவில், இரண்டு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். கன்னப் பக்கமாக விரலை விட்டுப் பார்த்து ‘இருக்கிறது’ என்பவர்கள் அதிகம். அங்கே எப்போதும் இடம் இருக்கும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான FEI-இன் போட்டிகளில் 2025 முதல் இதை அளக்கத் தனிக் கருவியே வந்துவிட்டது.

புது பிட்டை முதல் நாள் லகான் இல்லாமல் லாயத்திலேயே கால் மணி நேரம் விடுங்கள். மெல்லுவது, நாக்கால் தள்ளிப் பார்ப்பது இயல்பு. தலையைச் சுவரில் தேய்ப்பது, நாக்கைப் பின்னுக்குச் சுருட்டுவது இயல்பில்லை. மறுநாள் இருபது நிமிட நடை, டிராட் என்ற துள்ளுநடை. அந்த வாரம் முழுக்க பிட்டைத் தவிர நோஸ்பேண்ட், சேணம், தீவனம் எதையும் மாற்ற வேண்டாம், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். எந்தப் புது பிட்டிலும் முதல் மூன்று நான்கு நாள் குதிரை பிரமாதமாகப் போகும். பழைய வலி இருந்த இடத்திலிருந்து அழுத்தம் நகர்ந்ததால் வரும் சுகம் அது. இரண்டாவது வார முடிவில் எப்படிப் போகிறது என்பதை வைத்துத்தான் தீர்ப்பு.

ஊட்டியில் விடியற்காலை ரைடு என்றால் பிட்டை உள்ளங்கையில் சூடாக்கி மாட்டவும். சமவெளியில் நேர்மாறு: மே மாத வெயிலில் வேலிக் கம்பத்தில் தொங்கிய பிட்டை உங்கள் உதட்டில் வைக்க முடியுமா என்று யோசித்துவிட்டு, தண்ணீரில் அலசிப் போடுங்கள். கடற்கரை ஊர்களில் ஒவ்வொரு ரைடுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். உலோகப் பாலிஷ் வாய்க்கம்பியில் படவே கூடாது.

வாயில் புதுக் காயம் இருந்தால் எந்த பிட்டும் வாங்க வேண்டாம். சிறு காயம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும். அதுவரை சைட்-புல் வகை பிட்லெஸ் பிரைடிலில், மைதானத்துக்குள், நடை வேலை மட்டும். அதன் மூக்குப்பட்டை மூக்கின் மென்மையான நுனிப்பகுதிக்கு இறங்காமல் எலும்பின்மேல் உட்கார வேண்டும். ஆறியபின் கடையில் பிட் எடுக்கும்போது அளவு தவறினால் மாற்றிக்கொடுப்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சமையலறை கிளிங் ஃபிலிமை வாய்க்கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, லகான் மாட்டாமல், நிற்கும் குதிரையில் இரண்டு நிமிடம் அளவு மட்டும் பார்த்துக் கழற்றினால் பல் தடமோ எச்சிலோ படாது.